லாபு வள்ளிநாயகி காலமானார்

திங்கட்கிழமை காலை. நீலாயில் வாடகைக்கு எடுத்திருந்த கடைவீட்டின் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தபோது ரோகினியின் கைபேசி அடித்தது. தெரியாத எண். எடுத்துக் காதில் வைத்தாள். மறுமுனையில் ஓர் ஆண் அழுதுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் லாரிகள் கடக்கும் இரைச்சல்.

“எப்பங்க எடுக்கறாங்க?” என்று கேட்டான்.

“யாருங்க பேசறது?”

“நான் வந்துக்கிட்டே இருக்கேன். ஆயர் ஹீத்தாம் தாண்டிட்டேன். நான் வர்ற வரைக்கும் எடுக்க வேணாம்னு சொல்லுங்க. மூஞ்சிய ஒருவாட்டி பாத்துடறேன். அது போதும்.”

இணைப்பு அறுந்தது. ரோகினி திரும்ப அழைத்துப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பாவம், எண்ணை மாற்றிப் போட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் யாரோ ஒரு பிணத்தை அவள் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனதுபோல, மீதிப் படிகளில் ஏறும்போது கால் கனத்தது.

மேலே கீத் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தான். அவர்களுடைய செயலியை எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்று காட்டும் பக்கம் கணினியில் திறந்திருந்தது. வெள்ளிக்கிழமை வெளியிட்டதிலிருந்து அவன் அந்தப் பக்கத்தைவிட்டு அதிகம் நகரவில்லை.

“இன்னும் நூறுகூட வரலை,” என்றான். “அதுலயும் பாதி நம்ம சொந்தக்காரங்க.”

செயலியின் பெயர் ‘சேதி’. நெகிரி செம்பிலான் மாநிலத்தில் தமிழர் வீட்டில் யாராவது இறந்தால், யார், எந்த ஊர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதை உறவுக்காரர்கள் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் புக்கிட் பெலண்டோக்கில் ரோகினியின் பெரியப்பா அர்ச்சுனன் இறந்தபோது செய்தி யார் யாருக்கோ போய், அவள் அப்பாவுக்கு மட்டும் வராமல் போய்விட்டது. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, பந்தல்காரர்கள் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தில் எல்லாரும் ஒரே வரிசை வீடுகளில் இருந்த காலத்தில் ஓர் ஆள் நடந்துபோய்ச் சொன்னால் போதும். இப்போது ஆளுக்கொரு தாமான் குடியிருப்பில் இருக்கிறார்கள். அன்று வீடு திரும்பும்போது காரில் அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மௌனத்திலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது. சைபர்ஜெயாவில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தாள். அவளோடு நீலாயில் படித்த கீத், காப்புறுதி விற்றுக்கொண்டிருந்தவன், அவனும் விட்டுவிட்டு வந்தான்.

வெளியிடுவதற்கு முன் மோகனாவைப் போய்ப் பார்த்தார்கள். மோகனா வீட்டுச் சாப்பாட்டுக்காக ஒரு செயலி செய்து, இரண்டு வருடம் தள்ளாடி, மூடியவள்.

“அம்பதாயிரம் பேரு வருவாங்க வருவாங்கன்னு சொல்லாத கீத்,” என்றாள் அவள். “உங்க சொந்தக்காரங்களே போன்ல வைக்க மாட்டாங்க. வச்சவங்களும் ரெண்டாவது வாட்டி தொறக்க மாட்டாங்க. அதுதான் நடக்கும். தெரிஞ்சி ஆரம்பிச்சா தப்பிச்சிக்கலாம்.”

“சாப்பாடு எங்கயும் கெடைக்கும் லா. இது அப்படியா? நம்மளுக்கு கஸ்டமர் கொறையவே மாட்டாங்க,” என்று கீத் சிரித்தான். மோகனா சிரிக்கவில்லை.

அவள் சொன்னது மூன்றே நாளில் பலித்துவிட்டது. கீத்தின் அம்மா பெட்ரிசியாவே சனிக்கிழமை அதை அழித்துவிட்டார். “வீட்டுக்குள்ள சாவக் கூப்பிட்டு உக்கார வச்ச மாதிரி இருக்குடா,” என்றாராம். ரோகினியின் அம்மா அழிக்கவில்லை; ஆனால் அந்தச் சின்னப் படத்தைக் கண்ணில் படாத மூலைக்குத் தள்ளிவைத்திருந்தார்.

ரோகினி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் கைபேசி மறுபடியும் அடித்தது. இந்த முறை ஒரு பெண். “தோட்டத்துக்குள்ள எந்தப் பக்கம்மா திரும்பணும்? அந்தச் சின்ன மசூதி, சூராவ் தாண்டியா?”

“எந்தத் தோட்டம்?”

“லாபும்மா. வள்ளிநாயகியக்கா வீடு. இந்த நம்பர்தானே போட்டிருக்கு?”

ரோகினி கைபேசியைக் கீழே வைத்துவிட்டுச் செயலியைத் திறந்தாள். முதல் பக்கத்தில், குத்துவிளக்குப் படத்துக்குக் கீழே, அவளே எழுதியது இருந்தது. *திருமதி வள்ளிநாயகி, வயது எழுபத்திரண்டு, லாபு தோட்டம், காலமானார்.* தொடர்புக்கு அவளுடைய எண்.

சோதனைக்காக எழுதியது அது. பக்கம் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதற்காக மனதில் தோன்றிய பெயர்களைப் போட்டு நிறைய அறிவிப்புகள் எழுதியிருந்தாள். வெளியிடும் நாள் எல்லாவற்றையும் அழித்துக்கொண்டு வந்தபோது கீத்தான் தடுத்தான். “ஒண்ணாவது வை லா. காலியா இருந்தா செத்த ஆப் மாதிரி இருக்கும். நெசமானது வந்ததும் அது கீழ போயிடும்.” மனம் ஒப்பவில்லை. ஆனாலும் ஒன்றை விட்டுவைத்தாள். உண்மையான அறிவிப்பு ஒன்றுகூட வரவில்லை. மூன்று நாளும் அந்தச் செயலியில் இறந்துபோயிருந்தது வள்ளிநாயகி ஒருத்திதான்.

உடனே அழித்தாள். அழித்து என்ன பயன்? யாரோ அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். நூறு பேர்கூட வைத்திராத செயலியிலிருந்து கிளம்பிய படம், சிரம்பான் கோயில் குழுக்களிலும் பள்ளிக்கூடக் குழுக்களிலும் ஜொகூர் வரைக்கும் போயிருந்தது. அவர்கள் செய்ததிலேயே ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.

மத்தியானம் மூன்றாவது தடவையாகக் கைபேசி அடித்தது. எடுக்கவே பயமாக இருந்தது.

“நான் வள்ளிநாயகி பேசறேன்,” என்றது ஒரு பெண் குரல். கரகரப்பான, நிதானமான குரல். “லாபுலேர்ந்து. நான் செத்துட்டேன்னு போட்டது நீதானா?”

ரோகினி எழுந்து நின்றுவிட்டாள்.

“நாளைக்கு காலையில வூட்டுக்கு வா,” என்றது அந்தக் குரல். “நேர்ல வந்து பாரு, நான் எப்படி இருக்கேன்னு.”

கீத் போக வேண்டாம் என்றான். மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினால் போதும், நேரில் போனால் போலீஸ் அது இது என்று இழுத்துக்கொண்டு போகும் என்றான். பேசிக்கொண்டே கண்ணைத் திரையில் வைத்திருந்தான். அங்கே எண் ஏறிக்கொண்டிருந்தது. படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் அது என்ன செயலி என்று தேடி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“பாத்தியா, ஆளுங்க வர்றாங்க,” என்றான் மெல்ல. சொன்ன பிறகு அவனுக்கே கூச்சமாகிவிட்டது போலும், எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

*

மறுநாள் தூறிக்கொண்டிருந்தது. லாபு சாலையிலிருந்து செம்மண் பாதையில் காரைத் திருப்பியதும் செம்பனை மரங்கள் இரண்டு பக்கமும் வந்து மூடிக்கொண்டன. பகல் என்றே தெரியாத பச்சை இருட்டு. வெட்டிப்போட்ட மட்டைகள் வரிசையாகக் குவிந்து அழுகிக்கொண்டிருந்தன. நடுநடுவே சிமெண்டுத் தரைகள் மட்டும் தெரிந்தன. அங்கே வீடுகள் இருந்திருக்கின்றன, இடித்துவிட்டார்கள். தரையைப் பெயர்க்க யாருக்கும் பொறுமை இல்லை. ஒரு தரைமேல் குளியலறைத் தொட்டி அப்படியே நின்று மழைத்தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் இடிக்காத ஒரு வரிசை இருந்தது. மூன்று கதவுகளில் இந்தோனேசியத் தொழிலாளிகள் துணி காயப்போட்டிருந்தார்கள். நான்காவது வாசலுக்கு எதிரே நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. சுவரில் ஒரு மலர்வளையம் சாய்ந்திருந்தது. அதன் நடுவில் வெள்ளைத் துணியில் வள்ளிநாயகி என்ற பெயர். அதன் பக்கத்திலேயே, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, வெங்காயம் உரித்தபடி உட்கார்ந்திருந்தாள் பெயருக்கு உரியவள். மெலிந்த, எலும்பு பெருத்த உடம்பு. மூக்குத்தி. பார்வையில் ஒரு கடுமை.

“வா. பசியாறிட்டியா?” என்றாள்.

“மன்னிச்சிருங்க ஆன்ட்டி.”

“அத அப்புறம் பாக்கலாம். யாரு ஒனக்கு என் பேரக் குடுத்தது?”

“யாரும் குடுக்கல. நானா எழுதினது. டெஸ்ட்டுக்காக. சும்மா வாய்க்கு வந்த பேரு.”

“வாய்க்கு வந்த பேரு,” என்று வள்ளிநாயகி திருப்பிச் சொன்னாள். “வாய்க்கு வந்த லாபு. நான் மட்டும் நெசமா?”

ரோகினி தலையைக் குனிந்துகொண்டாள். முந்தின நாள் முழுக்க அதைத்தான் யோசித்திருந்தாள். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? பள்ளியில் யாரும் இல்லை; சொந்தத்தில் இல்லை; லாபுவுக்கு இதற்கு முன் வந்ததே இல்லை. எழுதிய நிமிடத்தில் விரல்கள் தயங்கக்கூட இல்லை என்பது மட்டும் நினைவிருந்தது. அதன் பிறகு எத்தனையோ முறை யோசித்தாள். கடைசிவரை அவளுக்கு அது தெரியவே இல்லை.

“வயசையும் கூட்டிப் போட்டிருக்க. எனக்கு எழுவதுகூட முடியல,” என்றாள் வள்ளிநாயகி. பிறகு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னாள்.

முதலில் வந்தவர் கோயில் செயலாளர் ராமகிருஷ்ணன். வேனில் நாற்காலிகளோடு வந்திருக்கிறார். “நான் வாசக் கூட்டிக்கிட்டு இருக்கேன். மனுசன் நாற்காலிய எறக்கிட்டு நிமுந்து பாத்தாரு. பாத்துட்டு, எறக்கினது மேலயே உக்காந்துட்டாரு. வாய் தொறக்கல. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. கையத் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. சிரிச்சாங்க, நீ நூறு வயசு இருப்பேன்னாங்க. டீ போட்டுக் குடுத்தேன். ஒருத்தியும் குடிக்கல. வூட்டுக்குப் போயி தலைக்கு ஊத்திக்கிட்டாங்களாம். சாவு வூட்டுக்குப் போயிட்டு வந்தா ஊத்திக்குவோம்ல, அந்த மாதிரி. நேத்து கோயிலுக்குப் போனா, பூசாரி துன்னூறக் கை படாம மேலேர்ந்து போடறாரு.”

உரித்த வெங்காயத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து வாசலில் துணி எடுக்க வந்த இந்தோனேசியப் பெண், இவர்களைப் பார்த்ததும் சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

“அதெல்லாம் போகட்டும். எவ வந்தா எவ வரலன்னு நானும் பாத்துக்கிட்டேன். ஒன்ன வரச் சொன்னது அதுக்கில்ல. என் மவன் வந்தான்.”

ரோகினிக்குச் சட்டென்று புரிந்தது. லாரி இரைச்சலும் அந்த அழுகையும் காதில் திரும்ப எழுந்தன.

மகன் பெயர் முகுந்தன். ஜொகூரில் வீடு, சிங்கப்பூரில் வேலை. தோட்டத்து வீடுகளை இடிக்கத் தொடங்கியபோது, அம்மாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னான். அவள் மறுத்துவிட்டாள். அவன் கெஞ்சினான், அவள் அவன் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். என்ன வார்த்தை என்று ரோகினியிடம் சொல்லவில்லை. அவன் எழுந்து, “இனிமே நீ செத்தாத்தான் இந்த வாசல மிதிப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகு வரவில்லை.

“நேத்து அந்தப் பைப்படியில துணி அலசிக்கிட்டு இருந்தேன். கார் வந்து நின்னுச்சி. கதவச் சாத்தாமகூட ஓடியாந்தான். வேட்டி துண்டெல்லாம் வாங்கியாந்திருக்கான், கொள்ளி போட. என்னையப் பாத்தான். அப்படியே நின்னான். எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது. சந்தோசப்படுவான்னுதான் நெனச்சேன். ‘ஏம்மா இப்படிப் பண்ணுன’ன்னான். என்னைய வரவைக்க செத்த மாதிரி சேதி விட்டியான்னான். நான் இல்லப்பான்னு சொல்றதுக்குள்ள கார்ல ஏறிட்டான். ஒரு வாய்த் தண்ணிகூடக் குடிக்கல.”

முறத்தைக் கீழே வைத்தாள்.

“நான் பண்ணலன்னு அவன்கிட்ட நீ சொல்லணும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம். இங்கேர்ந்து பேசாத. நான் பக்கத்துல நின்னு பேச வச்சேன்னு நெனப்பான்.”

ரோகினி திரும்பும் வழியில், செம்பனை முடிந்து தார்ச்சாலை தெரிந்த இடத்தில் காரை நிறுத்தி, முந்தின நாள் வந்த எண்ணுக்குப் போட்டாள். இந்தத் தடவை முகுந்தன் எடுத்தான். அவள் தன் பெயரைச் சொல்லி, நடந்ததை ஆதியோடு அந்தமாகச் சொன்னாள்.

“நீங்களா எழுதினீங்க,” என்றான் அவன். “எங்கம்மா பேரு, எங்கம்மா இருக்கற தோட்டம், எங்கம்மா வயசு. எல்லாம் நீங்களா.”

“வயசு தப்புங்க. அம்மா எழுவதுகூட ஆகலன்னாங்க.”

“அவங்க ஐசி கார்டுலேயே எழுவத்திரெண்டுதான். கொறச்சித்தான் சொல்வாங்க, எப்பவும்.”

ரோகினி எஞ்சினை அணைத்தாள்.

“எவ்வளவு நாளா எங்கம்மாவத் தெரியும் ஒங்களுக்கு?” என்று அவன் கேட்டான்.

“தெரியாதுண்ணே. இன்னிக்குத்தான் பாத்தேன். வேணும்னா அத எழுதின தேதி கம்ப்யூட்டர்ல இருக்கு, அனுப்பறேன்.”

“தேதி எதையும் போடலாம்ங்க. நீங்கதானே செஞ்சது.” அவன் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. “நல்லா இருக்காங்கல்ல? அது போதும். திரும்பக் கூப்பிடாதீங்க.”

அவன் சொன்னதில் என்ன தப்பு? அவன் இடத்தில் இருந்தால் அவளுமே நம்பியிருக்க மாட்டாள். அவளிடம் இருந்தது உண்மை ஒன்றுதான். அதுவோ பொய்யைவிட நம்ப முடியாததாக இருந்தது.

*

வருத்தம் தெரிவித்து ‘சேதி’யில் அறிவிப்புப் போட்டார்கள். இனிமேல் வரும் ஒவ்வொரு அறிவிப்புக்கும் அந்த வீட்டுக்குப் போன் செய்து, இறந்தது உண்மைதானா என்று கேட்ட பிறகே வெளியிடுவது என்று ரோகினி முடிவு செய்தாள். அந்த வேலையை அவளே பார்த்தாள். எடுப்பவர்கள் அழுகையோடு எடுப்பார்கள். “மன்னிக்கணும், இன்னார் தவறிட்டதா தகவல் வந்திருக்கு, சரிதானுங்களா?” என்று கேட்பாள். அந்த நேரத்து மௌனத்தில், ‘இல்லை, உயிரோடுதான் இருக்கிறார்’ என்று சொல்லிவிட மாட்டார்களா என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். யாரும் அப்படிச் சொன்னதில்லை. சோதனைக்கு எழுதும்போது இப்போதெல்லாம் பெயர் போடுவதில்லை. ‘அ’ ‘அ’ ‘அ’ என்று தட்டினாள்.

அறிவிப்புகள் மெல்ல வந்தன. வாரத்துக்கு ஒன்று, சில வாரம் அதுவும் இல்லை. இறக்கியவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். ஆனால் ஒரு விஷயம் ரோகினிக்கு மட்டும் தெரிந்தது. யார் என்ன பெயரைத் தேடுகிறார்கள் என்பது பதிவாகும்படி அவள் செய்திருந்தாள். எந்த ஊர்க்காரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்த அன்று உட்கார்ந்த இடத்தைவிட்டு எழ முடியவில்லை. ராசா என்ற ஊரில் இருந்த ஒரு பெண் தன் பெயரையே தேடியிருந்தாள். லுக்குட்டில் ஒருவர், தன் பெயரையும் அதன் கீழே தன் அண்ணன் பெயரையும். சிலர் ஒரே பெயரை மாதத்துக்கு ஒருமுறை வந்து தேடிவிட்டுப் போனார்கள். எந்தப் பெயருக்கும் பதில் இல்லை. இல்லை என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பேச்சுவார்த்தை அற்றுப்போன எத்தனையோ பேர் இப்படித்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

செயலியைத் தினமும் திறப்பவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். ஜொகூர்க்காரர். விடிந்தும் விடியாததுமாக, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் திறந்து, வள்ளிநாயகி என்று தட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுவார். பதிவு செய்திருந்த எண்ணைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த எண்தான்.

கீத்திடம் சொல்லவில்லை. அவன் அந்த மாதமே விலகிக்கொண்டான். சண்டை ஒன்றும் இல்லை. “என்னால முடியல ரோகினி. வீட்ல கேக்கறாங்க. பிஜேயில ஒரு வேல வந்திருக்கு,” என்றான். போகும்போது கதவருகே நின்று, “அந்த ஒண்ண வைக்கச் சொன்னது நான்தான் லா,” என்றான். அவள் தலையை ஆட்டினாள். அறையைக் காலி செய்தார்கள். ரோகினியும் நீலாயில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். ‘சேதி’யை மூடிவிடத்தான் நினைத்தாள். விடியற்காலையில் வரும் அந்த ஒருவரை எண்ணி மூடவில்லை.

சொல்வதா வேண்டாமா என்று பல நாள் அல்லாடினாள். ஒருவர் தேடியதை இன்னொருவரிடம் சொல்வது தப்பு என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் ஒரு சனிக்கிழமை லாபுவுக்குப் போனாள். வள்ளிநாயகி வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். இன்னும் இளைத்திருந்தாள். கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டதாகச் சொன்னாள்.

“எல்லாம் மறந்துட்டாங்க. நான்தான் மறக்கல. சில நாளு காலையில எந்திரிச்சா, நான் இருக்கேனா போயிட்டேனான்னு எனக்கே ஒரு மாதிரி இருக்கு. பக்கத்து வூட்டுப் பொம்பளயப் போயிக் கூப்பிட்டுப் பாப்பேன். அவ பதில் சொன்னா சரி, இருக்கேன்னு வந்துடுவேன்.”

ரோகினி சொன்னாள். முகுந்தன் தினமும் காலையில் அவள் பெயரைத் தேடுகிறான் என்று மட்டும் சொன்னாள்.

செம்பனைக்குள் எங்கோ ஒரு பழக்குலை வெட்டுப்பட்டு விழும் சத்தம் கேட்டது.

“தெனமுமா?”

“தெனமும்.”

“ஞாயித்துக்கெழமகூடவா?”

“ஞாயித்துக்கெழம கொஞ்சம் லேட்டா.”

“தூங்குவான். சின்னதுலேர்ந்து ஞாயித்துக்கெழம தூங்குவான்.” புடவைத் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நான் தெரிஞ்சிக்கிட்டேன்னு அவன்கிட்ட சொல்லிடாத. நிறுத்திடுவான்.”

ரோகினி சத்தியம் செய்வதுபோல் தலையசைத்தாள்.

பிறகு ஒரு நாள் அந்தத் தேடல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ரோகினி வேலையிலிருந்தபடியே அடிக்கடி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். வள்ளிநாயகிக்குப் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக வந்தது. அவனுக்குப் போட மனம் துணியவில்லை. திரும்பக் கூப்பிடாதீங்க என்றவன். அந்த வாரம் முழுக்க யாராவது லாபுவிலிருந்து ஓர் அறிவிப்பு அனுப்பிவிடுவார்கள், தான் போன் செய்து அதை உறுதி செய்யவேண்டி வரும் என்ற பயம் அவளைவிட்டு அகலவில்லை. வந்தால் அந்தப் பெயரை மறுபடியும் தன் கையால் எழுத வேண்டும்.

வேலை முடிந்து ஒரு சாயங்காலம் நேரே தோட்டத்துக்குப் போனாள். நான்காவது கதவில் பூட்டுத் தொங்கியது. வாசல் கூட்டவில்லை, காய்ந்த இலைகள் படிவரை ஏறியிருந்தன. பக்கத்து வாசலில் அந்த இந்தோனேசியப் பெண் எட்டிப்பார்த்தாள்.

“அனாக் டியா சுடா அம்பில்,” என்றாள். மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டானாம்.

ரோகினி சுவரைப் பிடித்துக்கொண்டு மலாயில் கேட்டாள். அந்தப் பெண் கையை ஆட்டி ஆட்டி விவரித்தாள். கிழவி காய்ச்சலில் கிடந்தாள். இவள்தான் கைபேசியில் இருந்த மகன் எண்ணுக்குப் போட்டாள். அவன் காலையில் வந்தான். வாசற்படி ஏறவில்லை, அதோ அந்த இடத்திலேயே நின்றான். கிழவி தானாகவே ஒரு பையோடு எழுந்து வெளியே வந்தாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அவன் முன்கதவைத் திறந்தான். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். திரும்பி வருவாளா என்று தெரியாது.

வீட்டுக்குப் போகும் வழியில் ரோகினி காரில் தனியாக அழுதாள். பயத்தில் அடக்கிவைத்திருந்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், முகுந்தனே அழைத்தான்.

“அம்மா எப்படி இருக்காங்கண்ணே?” என்று அவள் முந்திக்கொண்டு கேட்டாள்.

“இருக்காங்க. மருமகளோட ஒரு நாளைக்கு ரெண்டு சண்ட போட்டுக்கிட்டு இருக்காங்க.” சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. “ஒண்ணு கேக்கணும். அந்த ஆப்ல ஒரு பேரத் தேடுனா, தேடுனது எங்கயாவது இருக்குமா?”

“இருக்கும்.”

“யாரு பாக்கலாம்?”

“நான் மட்டுந்தான்.”

“அப்ப ஒங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்ணே.”

“அத அழிச்சிருங்க. என் மவன் அவங்களுக்கு இப்ப போன் பாக்கக் கத்துக் குடுக்கறான். பெத்தவ செத்துட்டாளா செத்துட்டாளான்னு தெனமும் தேடிப் பாத்தவன்னு என்னைக்காவது தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. நானே இப்ப நெனச்சா தூங்க முடியல.”

அவங்களுக்குத் தெரியும், தெரிஞ்சிதான் ஞாயித்துக்கெழமகூடவான்னு கேட்டாங்க என்று சொல்ல ரோகினி வாயெடுத்தாள். அதே நேரத்தில், அவனுக்குப் பின்னால் எங்கோ, அந்தக் கரகரத்த குரல் கேட்டது. “யார்ரா போன்ல?”

“ஆபீஸ்லேர்ந்தும்மா,” என்றான் அவன்.

ரோகினி வாயை மூடிக்கொண்டாள். பிறகு, “அழிச்சிடறேன்ணே,” என்றாள்.

சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அவனுடைய தேடல்கள் வரிசையாக, பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தன. நிச்சயமாக அழிக்க வேண்டுமா என்று இயந்திரம் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். திரை ஒரு கணம் வெறுமையானது. பிறகு மற்றவர்கள் அன்று தேடிய பெயர்கள் ஒவ்வொன்றாக மேலேறி வந்து அந்த இடத்தை நிரப்பின. பெரும்பாலும் உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள்.